செவ்வாயிலிருந்து படம் அனுப்ப எந்த வழி நல்லது?

1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாயைப் படம் பிடித்தது. ஒவ்வொரு படத்திலும் 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி. ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு என்பதை 0 முதல் 63 வரை ஓர் எண்ணாக மாற்றினார்கள். அந்த எண்ணை வெறும் 0, 1 கொண்டு எழுத 6 இடம் போதும். 45 என்றால் 101101. ஒவ்வோர் இடமும் ஒரு பிட். ஆக, ஒரு படத்துக்கு 2,40,000 பிட். நொடிக்கு எட்டு பிட் சொச்சம்தான் வந்தது என்பதால், ஒரு படம் வந்து சேரச் சுமார் 8 மணி நேரம் பிடித்தது!

வழியில் இரைச்சல் புகுந்து முதல் பிட் மட்டும் புரண்டால் 001101 ஆகிவிடும். 45 போய் 13. அந்தப் புள்ளியின் சாயலே மாறிவிட்டது. இதைச் சமாளிக்க மூன்று வழிகளைப் பார்ப்போம்.

மிக மலிவானது, கடைசியில் ஒரு சரிபார்ப்பு பிட் சேர்ப்பது. 1-கள் எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. 101101-இல் நான்கு 1 இருப்பதால் 0 சேர்த்து 1011010 என அனுப்புவோம். ஒற்றைப்படையாக வந்தால் எங்கோ தப்பு. எங்கே என்று தெரியாது. இரண்டு பிட் புரண்டால் தப்பு நடந்ததே தெரியாது. திரும்ப அனுப்பச் சொல்ல முடிகிற இடத்துக்கு இது சரி. செவ்வாய்க்கு நம் கேள்வி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும்.

அடுத்தது, சொன்னதையே திரும்பச் சொல்வது. மரினர் 4 படங்களை இரண்டு தடவை அனுப்பியது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது? சரி, ஒவ்வொரு பிட்டையும் ஐந்து தடவை அனுப்பலாம். 11111 என்பது 11010 ஆக வந்தாலும் 1-தான் அதிகம், பிழைத்தோம். ஆனால் 6 பிட்டுக்கு 30 பிட் செலவு. ஐந்தில் மூன்று புரண்டால் போச்சு.

என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். 1971-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, ரீட்-முல்லர் குறியீட்டைப் பயன்படுத்தியது. 6 பிட்டுக்கு 32 பிட். ஐந்து தடவை சொல்வதைவிட இரண்டே பிட்தான் கூடுதல். 6 பிட்டில் 64 எண்கள் உண்டல்லவா? அந்த 64-க்கும் தனித்தனியாக 32 பிட் வரிசைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த இரண்டு வரிசையை எடுத்தாலும் குறைந்தது 16 இடங்களில் வேறுபடும். இப்போது 7 பிட் புரண்டு வருகிறது என்று வையுங்கள். வந்த வரிசை சரியானதிலிருந்து 7 இடங்களில்தான் விலகியிருக்கும், மற்ற எதிலிருந்தும் குறைந்தது 9 இடங்களில் விலகியிருக்கும். மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொண்டால் சரியான எண் கிடைத்துவிடும். ஐந்து தடவை அனுப்பும் முறையோ 2 பிழைக்குத்தான் உத்தரவாதம் தரும். எனக்கு இது இன்றைக்கும் பிரமிப்புதான்.

கடைகளில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்திலும் ரீட்-சாலமன் என்ற வேறொரு பிழைதிருத்தும் குறியீடு இருக்கிறது. ஒரு கியூஆரை அச்சடித்து, மூன்று மூலைச் சதுரங்களை விட்டுவிட்டு, உள்ளே ஓரிடத்தில் சின்னதாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ஸ்கேன் செய்து பாருங்கள். அப்புறம் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, எந்த அளவில் தோற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.