மங்கு மங்குமா? அசெலாயிக் ஆசிட் 20% கிரீம், ஓராண்டுப் பயன்பாட்டில்

மங்கு என்கிற முகக் கருந்திட்டுக்குப் போடும் இந்தக் கிரீமை முதல் நாள் தடவியதுமே முகம் குறுகுறுவென்று அரிக்கும், எறும்பு ஊர்கிற மாதிரி. பதினைந்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் போனால் அந்த அரிப்பே பெரும்பாலும் வராது. இதற்குப் பயந்து முதல் வாரத்திலேயே டியூபை மூலையில் போட்டுவிட வேண்டாம். ஆனால் அரிப்பு வேறு, எரிச்சல் வேறு. மறுநாள் காலையிலும் தோல் சிவந்து, முகம் கழுவும் பச்சைத் தண்ணீரே சுரீரென்று எரிந்தால் அது எரிச்சல். அதைப் பொறுத்துக்கொண்டு தடவினால் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் புதிய கருமை விழும்; திட்டைப் போக்க வாங்கிய மருந்தே திட்டு போட்டுவிடும். இரண்டு மூன்று நாள் நிறுத்தி, வெறும் மாய்ஸ்சரைசர் போட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு மட்டும் தொடங்குவதே சரி.

வாங்குவதற்கு முன் முகத்தில் இருப்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். கன்னம், நெற்றி, மேலுதட்டுக்கு மேலே என இரு பக்கமும் ஒத்தாற்போலப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் மங்கு. பரு இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக நின்றால் அது வீக்கம் விட்டுப்போன கருமை. இந்த இரண்டுக்கும் அசெலாயிக் பொருத்தமான மருந்து. இன்னும் சிவப்பாக இருக்கிற புள்ளியைக் கண்ணாடித் துண்டால் அழுத்திப் பாருங்கள்: நிறம் மறைந்தால் அது ரத்தக்குழாய்ச் சிவப்பு, நிறமி அல்ல. கழுத்தும் அக்குளும் தடித்து, வெல்வெட் போலக் கறுத்திருந்தால் கிரீமை வைத்துவிட்டு ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வருவது அது. சாம்பல் கலந்த நீலச் சாயல் தெரிந்தால் நிறமி அடித்தோலுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே எந்த மேற்பூச்சும் பெரிதாக எடுபடாது, ஆண்டுக்கணக்கில் ஆகும்.

மெலனின் தயாராவதற்கு டைரோசினேஸ் என்கிற நொதி வேண்டும். அசெலாயிக் அதைத் தடுக்கிறது, அதிலும் வேகம் பிடித்த நிறமிச் செல்களில்தான் அதிகம். அதனால் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்து வட்டம் வட்டமாகத் தெரிகிற வம்பு மிகக் குறைவு. ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட நிறமியை அது அழிப்பதில்லை. தோல் உரிந்து புதுப்பிக்கும்போதுதான் அது வெளியேறும். ஒரு சுற்றுக்கு இளவயதில் ஏறத்தாழ 28 நாள், வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே 8 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. 3 மாதத்தில் திட்டின் ஓரம் கலங்கத் தொடங்கும், அதாவது எல்லைக்கோடு முதலில் போகும், நடுப்பகுதி பிறகுதான். ஆறாம் மாதத்தில்தான் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். 1991ல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வும் 24 வாரம் ஓடியது. மங்கில் 20% அசெலாயிக், நிறமியைக் குறைக்கும் இன்னொரு மேற்பூச்சான 4% ஹைட்ரோகுவினோனுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது.

பலர் சறுக்குவது அளவில். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். முழு முகத்துக்கும் ஒரு வேளைக்கு அதுதான். காலை, இரவு இரண்டு வேளை என்றால் நாளுக்கு ஒரு கிராம். 30 கிராம் டியூப் ஒரு மாதத்தில் தீர வேண்டும். மூன்று மாதம் வருகிறதென்றால் சிக்கனம் பிடிக்கிறீர்கள், மருந்து பிடிக்கவில்லை. திட்டின் மேல் மட்டும் பொட்டு வைப்பதும் மங்குக்குப் போதாது, கண்ணுக்குத் தெரியாத ஓரமும் அதில் சேர்த்தி. கண் இமை, உதட்டோரம், மூக்கு மடிப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள்.

20% கிரீம் கொஞ்சம் கெட்டி. ஈரத்தோடு தடவினால் அரிப்பு கூடும். முகத்தை ஒற்றி, நன்றாகக் காயவிட்டுத் தடவ வேண்டும். காலையில் இதன்மேல் உடனே சன்ஸ்கிரீன் தேய்த்தால் அழுக்கு உருட்டுவது போலத் திரித்திரியாக உருண்டு வரும், கூடவே மருந்தும் வந்துவிடும். பத்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்தி வைத்தால் உருளாது. அப்படியும் உருண்டால், போடும் மாய்ஸ்சரைசரில் சிலிக்கோன் அதிகமிருந்தால் அதை விட்டு வேறொன்றுக்கு மாறிப் பாருங்கள்.

இனி சன்ஸ்கிரீன். ஓராண்டு முடிவில் மங்கு குறைந்ததா இல்லையா என்பதை டியூபைவிட இதுதான் தீர்மானிக்கிறது. வழக்கமான சன்ஸ்கிரீன் புறஊதாவைத் தடுக்கும். மங்கைத் தூண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், முக்கியமாக நீல ஒளிக்கும், பங்கு உண்டு. கருநிறத் தோலில் அந்தத் தூண்டல் கூடுதல். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். பெட்டியின் முன்பக்க வாசகத்தை விடுங்கள், பின்னால் மூலப்பொருள் பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். சட்டைக் காலரிலும் போன் திரையிலும் ஒட்டும். அந்தத் தொல்லையைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஜன்னல் கண்ணாடி புறஊதா-ஏ கதிரைப் பெருமளவு உள்ளே விடும் என்பதால், வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கும் விலக்கில்லை.

ஹைட்ரோகுவினோன் இதைவிட வேகம்தான், இரண்டாம் மாதத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தடவியவர்களுக்கு ஓக்ரோனோசிஸ் என்ற நீலக்கருமை விழுவதுண்டு, அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கடினம். காற்றுப் பட்டால் மருந்து பழுப்பாகும். டியூப் வாயில் காபி நிறம் ஏறியிருந்தால் அது கெட்டுப்போனது. பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போட்டால் தோலில் தற்காலிகமாகக் கறை பிடிக்கும்.

மூன்று மருந்து சேர்ந்த கிரீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து), ஸ்டீராய்டு என்ற கூட்டு 1975லேயே வந்தது. இன்றைய வடிவம் குறுகிய காலத்துக்கு, சுமார் 8 வாரத்துக்கு என்றே வகுக்கப்பட்டது. அதை தினசரி ஃபேஸ் கிரீமாக வருடக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், பூனைமுடி வளரும், நிறுத்தியதும் முகம் தகிக்கும். பெயர் எதுவாக இருந்தாலும், ஐந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டால், உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். வெயில் பட்டால் கொப்புளித்து, வழிந்த கோட்டிலேயே கருமை நிற்கும். நார் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான், உரசலே நிறமியைக் கூட்டும்.

கர்ப்பகாலத்தில் மங்கு வந்தவர்களுக்கு ஹைட்ரோகுவினோன், மூன்று மருந்துக் கூட்டு இரண்டையும்விட அசெலாயிக் ஏற்றது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். தடவிய இடம் சுற்றுத்தோலைவிட வெளுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அரிதுதான், ஆனால் கருநிறத் தோலில் கண்காணிக்க வேண்டியது.

ஓராண்டு ஆனதும் வாரத்துக்கு மூன்று இரவு என்று குறைக்கலாம், சன்ஸ்கிரீனைக் குறைக்க முடியாது. நாலு நாள் பாதுகாப்பில்லாமல் வெயிலில் அலைந்தால் பழைய திட்டு பழைய இடத்திலேயே, அதே வடிவத்தில் தலைகாட்டும். அதற்காகப் புது மருந்து தேட வேண்டியதில்லை. அன்றைக்கே இரு வேளைக்குத் திரும்பி 8 வாரம் விடாமல் போடுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே நேரத்தில், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், திட்டு திரும்பிய மாதத்தையே அதில் பிடித்துவிடலாம்.