பர்ரா ஹெரிட்டேஜ் பாஸ்போர்ட்: சாவியை நம் கையிலேயே கொடுக்கும் ஊர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 160 கி.மீ., காரில் இரண்டு மணி நேரம். பழைய செம்புச் சுரங்க ஊரான பர்ராவுக்கு வருகிறவர்களில் பலர் கடைத்தெருவில் ஒரு காபி, தண்ணீர் நிறைந்த சுரங்கப் பள்ளத்தின் முன் ஒரு போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் போவதற்கு இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்தில் ஹெரிட்டேஜ் பாஸ்போர்ட் வாங்குங்கள். ஒரு கையேடும் ஒரு சாவியும் தருவார்கள். பூட்டியிருக்கும் இடங்களை நாமே திறந்து பார்த்து, நாமே பூட்டிவிட்டு வரலாம். "சீக்கிரம், அடுத்த இடம்" என்று விரட்ட வழிகாட்டி கிடையாது. காசுக்குத் தகுந்த பொருள் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

சுற்றிப் பார்க்கும் பாதை 11 கி.மீ. கையேட்டின் வரிசையைக் கண்டுகொள்ளாமல் ஓடைக்கரைக் குகை வீடுகளில் தொடங்குவது நல்லது. 1845இல் இங்கே செம்பு கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் வாடகை இல்லாமல் களிமண் கரையைக் குடைந்து குடியேறினார்கள். கரைக்குள் அறை, தலைக்கு மேலே தரையைத் துளைத்துக்கொண்டு கிளம்பும் புகைபோக்கி. 1851இல் ஏறக்குறைய 1,800 பேர் இப்படி வாழ்ந்தார்கள். அதே ஆண்டு வெள்ளம் வந்து அடித்துப் போனது. பக்கத்து விக்டோரியாவில் தங்கம் என்ற செய்தி பரவ, ஆட்களும் அந்தப் பக்கம் ஓடினார்கள். இன்று மிச்சம் இரண்டே வீடுகள். இதைப் பார்த்த கையோடு பாக்ஸ்டன் ஸ்கொயருக்குப் போனால், சுரங்கக் கம்பெனி எதற்காக வரிசை வீடு கட்டியது என்பது தானே விளங்கும். அங்கேயே இப்போது வாடகைக்குத் தங்கலாம்.

சுரங்கத் தளத்துக்குப் போகுமுன் ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். இங்கே செம்பு கிடைத்ததும் சுற்றியிருந்த 20,000 ஏக்கரைக் கடைக்காரர்கள் கோஷ்டியும் பணக்காரர்கள் கோஷ்டியும் சேர்ந்து வாங்கி, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டன. வடபாதி கடைக்காரர்களுக்கு விழுந்தது. செம்பு ஏறக்குறைய முழுக்க அங்கேதான்! 1877இல் மூடும்வரை சுமார் 50,000 டன் செம்பு கொடுத்த சுரங்கம் அது. ஆழத்தில் ஊறிய நீரை நீராவி இயந்திரத்தால் இறைத்த மார்ஃபெட் இன்ஜின் ஹவுஸைத் தவறவிடாதீர்கள்.

ரெட்ரூத் சிறை 1856இல் திறந்தது. பிறகு பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியாகவும் இருந்தது. யூனிகார்ன் மதுவடிசாலையில் பார்க்க எஞ்சியிருப்பது நிலவறைதான். டார்ச் எடுத்துப் போங்கள்.

குறை உண்டா என்றால் உண்டு. சாவி எல்லாக் கதவையும் திறக்காது. பான் அக்கார்டு, மாலோவன் லோவார்த் போன்ற மியூசியங்களுக்குத் திறக்கும் நேரம் தனி. சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சுரங்கத் தளத்தில் நிழல் அரிது. ஆகவே கோடையில் அதைக் காலையிலேயே முடித்துவிட்டு, நிலவறையை உச்சிவெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை நாளில் முடிக்கப் பார்த்தால் பூட்டைத் திறந்து மூடுவதுதான் மிஞ்சும். முழு நாள் ஒதுக்குங்கள். சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்பதால் மையம் மூடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.