ஃபேக்டர் பட்டன் உள்ள கால்குலேட்டர், 5க்கு மூணரை

இன்ஜினியரிங் சேந்த பொண்ணுக்குன்னு வாங்குன சயின்டிஃபிக் கால்குலேட்டர், அவ எல்லாத்தையும் போன்லயே போட்டுக்கிறா, அதனால ரெண்டு மாசமா இது என் கைலதான் கெடக்கு. சைன், காஸ் எல்லாம் எதுலயும் வர்றதுதான், அத பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. இந்த ஃபேக்டர் பட்டன்தான் மேட்டர். நம்பர அடிச்சு ஈக்குவல் போட்டுட்டு, ஷிஃப்ட் அமுக்கி டிகிரி பட்டன தட்டுனா பகா எண்களா பிரிச்சுக் காட்டும். ஈக்குவல் போடாம தட்டுனா கம்முனு இருக்கும், மொத நாள் அது தெரியாம கடைக்கே திருப்பிக் குடுக்கக் கெளம்பிட்டேன்.

டெஸ்ட்டுக்கு ராமானுஜன் நம்பர் ஒண்ணு எடுத்தேன். 1729 இல்லங்க, அது எல்லாருக்கும் மனப்பாடம். தனக்குக் கீழ இருக்குற எல்லா நம்பரையும்விட அதிக வகுத்தி (அதாவது மீதியில்லாம வகுக்குற எண்) உள்ள நம்பர்களா பாத்து 1915ல ஒரு பட்டியல் போட்டாரே, அதுல கடைசி, 6746328388800. மொத்தம் 13 இலக்கம். இந்த மெஷின் 10 இலக்கம் வரைக்கும்தான் பிரிக்கும், எரர்னு கைவிரிச்சிருச்சு. சரி, நாமளே கொஞ்சம் கை குடுப்போம்னு கடைசி ரெண்டு சைபர வெட்டி, மிச்சத்த 8ஆல வகுத்து, 8432910486னு ஆக்கிக் குடுத்தேன். உடனே 2×3⁴×7²×11×13×17×19×23னு வந்து நின்னுச்சு பாருங்க, ஒத்தையா ரெட்டையா நிக்காம வரிசையா, அடடா! வெட்டுன 800ல அஞ்சு 2, ரெண்டு 5 இருக்கு, அதையும் சேத்து ஒவ்வொரு அடுக்குலயும் ஒண்ணு கூட்டிப் பெருக்குனா 7×5×3×3, அப்புறம் 11, 13, 17, 19, 23க்கு ஒவ்வொரு 2, ஆக 10080 வகுத்தி. கால்குலேட்டர் இல்லாத காலத்துல கையால போட்டது! இதே நம்பர 23ஆல வகுத்தா 293318625600, 5040 வகுத்தி, அதுவும் அதே ஜாதி நம்பர்தான், ஆனா அத மட்டும் மனுஷன் பட்டியல்ல விட்டுட்டாரு.

இப்ப கடுப்புக்கு வருவோம். 4294967297 பகா எண்ணுன்னு ஃபெர்மாங்கிற கணக்கு மேதை நெனச்சாரு, 1732ல ஆய்லர்ங்கிற இன்னொரு கணக்கு மேதை 641ஆல வகுபடும்னு உடைச்சாரு. இதுல அடிச்சா 641×(6700417)னு காட்டுது. மூணு இலக்கத்துக்கு மேல பெரிய பகா எண்ண இது தேடாது, மிச்சத்த பிராக்கெட்ல போட்டு ஒதுங்கிக்கும். 6700417 நெசமாவே பகா எண்தான், சரி. ஆனா 1018081 அடிச்சாலும் அதே பிராக்கெட், ரூட் பட்டன அமுக்குனா பளிச்சுனு 1009னு வருது! அப்ப பிராக்கெட்டுக்குள்ள இருக்குறது பகா எண்ணா இல்லையான்னு நாம எப்படி நம்புறது? மேனுவல்ல பொடி எழுத்துல போட்டிருக்கான், பெட்டி மேல ஒரு வார்த்த இல்ல.

பட்டன் எல்லாம் நல்லா அழுந்துது. மூடிதான் கொஞ்சம் லூசு, பையில போட்டா கழண்டுக்குது, நான் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன்.