கோழித் தீன் மூட்டையின் தையலைப் பார்த்து வாங்குங்கள்

கொழும்பில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். மட்டக்குளியில் நான் பன்னிரண்டு முட்டைக்கோழி வைத்திருந்தேன். இப்போது ஏழுதான் மிச்சம்.

போன மாதம் புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் 25 கிலோ லேயர் தீன் (முட்டைக்கோழித் தீன்) இரண்டு மூட்டை வாங்கினேன். மற்றக் கடைகளைவிட மூட்டைக்கு 700 ரூபா குறைவு. பில் கேட்டதற்கு, "புத்தகம் முடிஞ்சுது அக்கா, அடுத்த முறை தாறன்" என்றார் முதலாளி. வீட்டில் பிரித்தால் உள்ளே கைப்பிடியளவு கட்டிகள். ஒன்றை உடைத்தேன், நடுவில் பச்சைத் தூள், நனைந்த சாக்கு நாற்றம். ஃபோன் எடுத்தேன். "மழை ஈரம்தான். வெயில்ல காய வச்சுப் போடுங்க, ஒன்டும் செய்யாது." அவர் பேச்சை நம்பிக் காயவைத்துத்தான் போட்டேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பத்து நாளில் ஒன்பது முட்டை நாலாகியது. கொண்டை வெளிறியது. பிறகு சளி, கண் வீக்கம்; ஐந்து கோழி செத்தன. தடுப்பு மருந்து தவணை தவறாமல் கொடுத்த கோழிகள்! செத்த ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அறுத்துக் காட்டினார். ஈரல் மஞ்சளாக, விரல் பட்டாலே உதிர்ந்தது. தீனில் இருக்கிற சோளத்தில் பிடிக்கிற பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை விடுமாம். அது ஈரலைக் கெடுப்பதோடு நோய் எதிர்ப்பையும் படுக்கவைத்துவிடும். தடுப்பு மருந்து கொடுத்தும் உடம்பு போதிய எதிர்ப்பைக் கட்டாது. காயவைத்தால் ஈரம் போகும், நஞ்சு தீனிலேயே தங்கும். பழைய தீனில் விட்டமின் ஏயும் ஈயும் குறைந்துவிடும். ஏ குறைந்தால் மூக்கு, தொண்டைச் சவ்வு வலுவிழந்து சளிக் கிருமிக்கு வழி திறந்துவிடும். நஞ்சு முட்டையிலும் கொஞ்சம் இறங்கலாம் என்றதும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுப்பதை நிறுத்தினேன்.

கடைக்குப் போனேன். காசைத் திருப்பித் தரவில்லை, 'எதிர்ப்புச் சக்திப் பவுடர்' ஒன்றை 1,400 ரூபாவுக்கு விற்கப் பார்த்தார்! நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அழைக்கலாம் என்றால் கையில் பில் துண்டு இல்லை.

பிறகுதான் மூட்டை வாயைக் கவனித்தேன். ஆலைத் தையல் ஓட்டைகளுக்கு மேலே கையால் நைலோன் நூல் போட்டுத் தைத்திருக்கிறது. திகதி இருந்த துண்டைக் கிழித்திருக்கிறார்கள். அப்படி ஒரு மூட்டையைத் தொடவே வேண்டாம். மீதி அரை மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்குப் பிரித்துக் காட்டுகிறேன்.