வயலா, புறக்கோட்டையா, கட்டாரா: ரெண்டு ஏக்கர்க்காரரின் கணக்கு

கிளிநொச்சிப் பக்கம் ரெண்டு ஏக்கர் வயல், மகனுக்கு இருபது வயது. அவனை வயலில் நிற்பாட்டுவதா, கொழும்புக்கு அனுப்புவதா, கட்டாருக்கு ஏற்றிவிடுவதா? கொழும்பில் இருக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் வருடத்தில் ஒருக்காவது ஊரிலிருந்து இந்தக் கேள்வி போனில் வரும். "நீயே ஒரு முடிவு சொல்லு தம்பி" என்று வேறு முடிப்பார்கள்.

சரி, முதலில் வயல். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று சொல்லிக் கணக்கே பார்க்காமல் விடுகிற பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் பார்க்கத்தான் வேண்டும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரி சம்பாவுக்கு 132. ஏக்கருக்கு 1600 கிலோ வந்தது என்று வைப்போம், நாட்டு நெல் என்றால் 192,000 ரூபாய். உழவு, விதை, பசளை, களைக்கு மருந்து, வெட்டு மெஷின், ஏற்றுக்கூலி எல்லாம் போய்ப் பாதி கையில் நின்றாலே நான் நல்ல போகம் என்பேன். அப்படியானால் ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து மிச்சம் 192,000. ஒரு போகத்துக்கு ஆகிற நாலு மாதத்தால் வகுத்தால் மாதம் 48,000, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் அடுப்பு பன்னிரண்டு மாதமும் எரிய வேண்டுமே. மாரி மழைக்குப் பெரும்போகம் மட்டும் விதைக்கிற வயல் என்றால் மாதம் 16,000, குளத்துத் தண்ணீரில் கோடைச் சிறுபோகமும் கிடைத்தால் 32,000. ஆக, எல்லாம் சிறுபோகத் தண்ணீரில்தான் நிற்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் எல்லாக் காணிக்கும் எல்லா வருடமும் சிறுபோகம் வராது. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் பங்கு பிரிப்பார்கள், உங்கள் பங்கு அரை ஏக்கர் என்றால் அரை ஏக்கர்தான்.

அந்த 120 ரூபாயும் சும்மா வருவதில்லை. ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போகாத நெல்லுக்குத்தான் அந்த விலை. வெட்டு மெஷினிலிருந்து இறங்குகிற நெல் பச்சை, காயப்போடக் களம் இல்லாதவர் தார் ரோட்டோரம் படங்கு விரித்துக் கொட்டிவிட்டு மழை இருட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து வியாபாரி லொறியும் தராசும் கொண்டு வயல் வரப்புக்கே வருவான், காசு உடனே. விதைப்புக்கு அடகு வைத்த நகையின் வட்டி ஏறிக்கொண்டிருக்கிற வீட்டில் என்ன முடிவு எடுப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைக் காட்டி வங்கியில் கடன் எடுப்பது இலகு இல்லை, அதனால்தான் காப்பும் சங்கிலியும் போகின்றன. இதற்கு மேல் 2021 மே மாதம் ரசாயனப் பசளையை ஒரே அடியாய்த் தடை செய்து நவம்பரில் தடையை எடுத்தார்களே, அந்த மாதிரி அடிகளுக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

கிணறும் நாலைந்து பரப்புத் தோட்டமும் இருந்தால் கதை வேறு. மிளகாய், வெங்காயம், கத்தரி போட்டு நெல்லை விட நன்றாகவே எடுக்கலாம், ஆனால் யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்து கிலோவைக் கழிவு என்று எடுக்கிற பழக்கத்தையும் கணக்கில் சேருங்கள்.

இனி கொழும்பு. 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000. அதாவது ரெண்டு போகமும் நல்லபடி விளைந்த வயலுக்குக் கிட்டத்தட்டச் சமம், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். கடையிலேயே தங்கலும் சாப்பாடும் என்றால் கையில் ஏதும் மிஞ்சும். தனியாக அறை எடுத்து மூன்று வேளையும் பார்சல் வாங்கினால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் இராது. புறக்கோட்டை மொத்தக் கடைகள் இருக்கிற நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை சுமக்கிற வேலை செய்தால் கையில் காசு கூடப் புழங்கும், ஆனால் முதுகு எத்தனை வருடம் தாங்கும்? வெங்காயம் விளைவிக்கிற ஊரிலிருந்து வந்து இந்தியப் பெரிய வெங்காயத்தை முதுகில் சுமக்கிற பொடியன்கள் அங்கே இருக்கிறார்கள், இந்த நாட்டின் விவசாயக் கொள்கை அந்தத் தெருவில் நன்றாகத் தெரியும்.

கடை வேலைக்கு அனுப்புகிறவர்கள் சம்பளத்தை மட்டும் கேட்கிறார்கள். ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்றும் கேளுங்கள். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், 30,000 சம்பளத்துக்கு மாதம் 6000 அவன் பேரில் சேரும், போதாததற்கு முதலாளி கட்டுகிற ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். சின்னக் கடைகள் பல இதைத் தொடுவதே இல்லை. ரெண்டாயிரம் கூடத் தருகிற கடையை விட ஈ.பி.எப். கட்டுகிற கடைதான் மேல், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனார்கள், அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு றியாலும் ஊரில் பெருத்தது. அந்த அதிர்ஷ்டம் திரும்ப வரும் என்று நம்பி வட்டிக்குக் காசு எடுத்து ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள், முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகும். வெல்டிங், வயரிங், கனரக வாகன லைசன்ஸ் என்று கையில் ஒரு தொழில் இருந்தால் போகலாம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டு. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று எவன் சொன்னாலும் நம்ப வேண்டாம். இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். சொந்த வயலை விட்டுவிட்டு யுத்த ஆபத்து உள்ள இடத்தில் இன்னொருவன் வயலில் நிற்பதற்கு.

என்னைக் கேட்டால், சிறுபோகத் தண்ணீர் நிச்சயமாக வருகிற வயல், கூடவே கிணறும் இருந்தால் பொடியன் ஊரிலேயே நிற்கட்டும். பெரும்போகம் மட்டும் என்றால் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வயலைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், அல்லது மச்சான் முறையானவர் யாரும் செய்வாராக இருந்தால் பசளைக் காசை மட்டும் இவன் சம்பளத்திலிருந்து அனுப்பலாம், அப்போது நகை அடகுக்குப் போகாது. குத்தகையை ஒவ்வொரு போகத்துக்கும் தனித்தனியாகப் பேசுங்கள், பெரும்போகத்துக்கென்றால் விதைப்புக்கு முதல், புரட்டாதிக்கு முன்பே. காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்கிற வேலையே வேண்டாம்.