தலையை எண்ணுவதா, கேட்டுப் பார்ப்பதா, கல்லாவைத் திறப்பதா?

எங்கள் விளம்பரத்தில் எல்லா நிறத்தவரும், எல்லா வயதினரும், மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள் என்று மார்க்கெட்டிங் பிரிவு பெருமையாகச் சொல்லும். "சரி, அதனால் எவ்வளவு வந்தது?" என்று கணக்குப் பிரிவு கேட்கும். இதற்குப் பதில் இல்லாததால்தான் பட்ஜெட்டில் கை வைக்கும்போது இன்க்ளூஷன், அதாவது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் முயற்சி, முதலில் அடிபடுகிறது. அளந்து காட்ட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, தலையை எண்ணுவது. பிரான்ஸில் நடக்கும் கான் விளம்பர விழாவுக்கு 2006 முதல் 2016 வரை வந்த விளம்பரங்களை, ஊடகங்களில் பெண்களைக் காட்டும் விதத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் இன்ஸ்டிட்யூட்டும் ஜே. வால்டர் தாம்ஸன் விளம்பர நிறுவனமும் அலசி, 2017இல் முடிவை வெளியிட்டன. பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் நான்கு மடங்கு திரைநேரம். பேச்சில் ஏழு மடங்கு. இப்படி ஓர் எண்ணைப் போட்டு உடைத்தால் யாராலும் மழுப்ப முடியாது. செலவும் குறைவு, சின்ன நிறுவனத்துக்கு ஓர் எக்செல் ஷீட் போதும். ஆனால் ஏமாற்றுவதற்கும் இதுதான் வசதி. கூட்டக் காட்சியில் நாலு பேரைக் கூடுதலாக நிறுத்தினால் எண் ஏறிவிடும். அவர்களில் ஒருவராவது வாய் திறந்தாரா என்பது ஷீட்டில் வராது.

இரண்டாவது, பார்த்தவர்களிடமே கேட்பது. அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் 2016இல் தொடங்கிய 'ஸீஹர்' இயக்கத்தின் 'ஜெம்' மதிப்பெண் இந்த வகை. விளம்பரத்தில் வரும் பெண்ணை மரியாதையாகக் காட்டியிருக்கிறார்களா, மற்றவர்களுக்கு நல்ல முன்மாதிரியா என்கிற மாதிரி சில கேள்விகள், அவ்வளவுதான். ஒளிபரப்புக்கு முன்பே சோதித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் வில்லங்கம். அதோடு, சர்வேயில் நல்லபிள்ளையாகப் பதில் சொல்பவர் கடையில் வேறு பொருளை எடுத்துக்கொண்டு போவார்.

மூன்றாவது, கல்லா. ஐ.நா. பெண்கள் அமைப்பு கூட்டிய 'அன்ஸ்டீரியோடைப் அலையன்ஸ்', ஆக்ஸ்ஃபோர்டின் சயீத் பிசினஸ் ஸ்கூலோடு சேர்ந்து 58 நாடுகளில் 392 பிராண்டுகளின் தரவைப் பார்த்து 2024இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்று எல்லா பிரசென்டேஷனிலும் வருகிறது. அனைவரையும் உள்ளடக்கிய விளம்பரங்கள் கொண்ட பிராண்டுகளுக்குக் குறுகிய கால விற்பனை 3.46 சதவீதம், நீண்ட காலத்தில் 16.26 சதவீதம் அதிகம். தரவைத் தந்தவர்கள் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு நிறுவனங்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக நடக்கும் கம்பெனிதான் நல்ல விளம்பரமும் எடுக்கிறதோ என்ற சந்தேகமும் முழுதாகத் தீராது. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியம். மூன்று மாதக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதினால் தப்பாகத்தான் போகும்.

பட் லைட் என்ற அமெரிக்க பீர் பிராண்டு 2023இல் அப்படித்தான் மாட்டியது. ஒரு திருநங்கைப் பிரபலத்தோடு சின்னதாக ஒரு விளம்பரம், உடனே புறக்கணிப்பு, அமெரிக்க விற்பனையில் பெரிய சரிவு. "இன்க்ளூஷன் என்றாலே நட்டம்" என்றார்கள். நிறுவனம் பின்வாங்கியதும் ஆதரித்தவர்களும் கோபித்துக்கொண்டதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

என்னிடம் கேட்டால் கல்லாவைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதை விளம்பரத்தோடு கோக்காமல் பொருளோடு கோக்க வேண்டும். ஃபென்டி பியூட்டி என்ற அழகுசாதன பிராண்டு 2017இல் முகத்தில் பூசும் ஃபவுண்டேஷனை 40 ஷேடுகளில் (நிற வகைகளில்) இறக்கியது. கறுத்த சருமத்துக்குப் பொருந்தும் ஷேடுகள் கடைகளில் மளமளவென்று தீர்ந்தன. மறு ஆண்டே பிராண்டின் விற்பனை கிட்டத்தட்ட 50 கோடி யூரோ. இங்கே மதிப்பெண் போட தனியாக ஒரு கமிட்டி தேவைப்படவில்லை. எந்த ஷேடு தீர்ந்தது என்று ஸ்டாக் புத்தகமே சொல்லிவிடுகிறது.

பி அண்ட் ஜியின் ஹெர்பல் எசென்சஸ் பாட்டில் இன்னும் சின்ன விஷயம். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் அடியில் தடவினால் தட்டுப்படும் கோடுகள், கண்டிஷனரில் புள்ளிகள். பார்வையற்றவர்களுக்காக வந்தது. ஆனால் குளிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்க்கும் எல்லோருக்கும் உதவும். இதன் பயனைத் தலை எண்ணிக் கண்டுபிடிக்கவே முடியாது.

அன்ஸ்டீரியோடைப் மாதிரி ஆய்வு நடத்தப் பணம் இல்லாதவர்கள் வந்தவர்களை எண்ணாமல், விட்டுப் போனவர்களை எண்ணலாம். பிரிட்டனில் 'கிளிக்-அவே பவுண்ட்' சர்வே இதைச் செய்தது. பயன்படுத்தச் சிரமமான இணையதளங்களைவிட்டு மாற்றுத்திறனாளிகள் வேறு கடைக்குப் போனதால் கைமாறிய தொகை 2019இல் 1,710 கோடி பவுண்டு என்று கணக்கிட்டது. கணக்குப் பிரிவுக்கு இந்தப் பாஷை உடனே புரியும். உங்கள் கடையிலும் எந்த சைஸ் அதிகம் ரிட்டர்ன் ஆகிறது, எந்த ஷேடு எப்போதும் இருப்பில் இல்லை, பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துப் பணம் கட்டும் பக்கம் வரை போக முடிகிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடலாம்.

ஜெம் மாதிரி சர்வேயை விளம்பரம் வெளியாவதற்கு முன் ஒருமுறை நடத்துங்கள். தலை எண்ணிக்கையை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதை யாருடைய இன்க்ரிமென்டோடும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால், அடுத்த விளம்பரத்தில் கூட்டக் காட்சி நிச்சயம்.