கார் மீட்டர் போர்டு மங்கலா எரியுதா? 6,800 ரூபாயைத் தூக்கிக் குடுத்துடாதீங்க

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கார் எலக்ட்ரிக்கல் கடை. பேர் வேணாம். வண்டி 90-கள்ல வந்த பெட்ரோல் கார், கேபிள்ல ஓடுற ஸ்பீடாமீட்டர். ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலையில டிரெய்லருங்களுக்கு நடுவுல போறப்போ முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல. அதைச் சரி பண்ண வாங்கின காசு 6,800 ரூபாய். வெளிச்சம் இன்னைக்கும் மங்கல்தான்.

நம்ப வெச்ச விதத்தைக் கேளுங்க. ஃபியூஸ் பாக்ஸ்ல டெஸ்ட் லேம்ப் வெச்சாங்க, பளிச்னு எரிஞ்சுது. "பாத்தீங்களா சார், கரண்ட் ஃபுல்லா வருது. அப்போ போர்டுதான் போச்சு." யாரா இருந்தாலும் தலையாட்டிடுவாங்க. ஆனா அந்த டெஸ்ட் லேம்ப் காட்டினது ஃபியூஸ் வரைக்கும் கரண்ட் வருதுங்கிறதை மட்டும்தான். ஃபியூஸுக்கு அப்புறம் டிம்மர் (போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு), பல்ப் ஹோல்டர், எர்த் போல்ட் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வயரைப் பாடியோட சேர்க்கிறது)னு எத்தனையோ இடம் இருக்கு. அதுல ஒண்ணையும் தொடல.

"வேற போர்டு மாத்தியாச்சு"ன்னு 6,800 ரூபாய் வாங்கினாங்க. கழட்டிப் பாத்தா அதே போர்டு! பின்னாடி பல்புகளுக்குக் கரண்ட் கொண்டு போற பிரிண்டட் ஷீட்ல அதே பழைய கீறல், கண்ணாடிக்கு மட்டும் பாலிஷ். 3.4 வாட் பல்ப் இருக்க வேண்டிய இடத்துல 5 வாட் பல்ப். கடை வாசல்ல ரேஸ் குடுத்துக் காட்டினப்போ பிரகாசமா தெரிஞ்சது அதனாலதான். அந்தச் சூட்டுல ஹோல்டர் பிளாஸ்டிக் இளகிப் போச்சு.

திரும்பிப் போய்க் கேட்டா "மாட்டின பையன் ஊருக்குப் போயிருக்கான்". வேற போர்டுன்னா கிலோமீட்டர் எப்படி அதே கணக்குல ஓடுதுன்னு கேட்டா "நாங்கதான் சார் செட் பண்ணோம்". கடைசியில "பழைய வண்டிக்கு இவ்ளோதான் வரும், எலக்ட்ரிக்கலுக்கு கேரண்டி கிடையாது". போனும் எடுக்கிறதில்ல. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்தாச்சு. கையில இருக்கிறது "எலக்ட்ரிக்கல் வேலை 6,800"னு எழுதின துண்டுச் சீட்டு மட்டும்தான்.

உண்மையான கோளாறு வோல்ட்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர்ல தெரிஞ்சுடுச்சு. இன்ஜின் ஓட, பார்க்கிங் லைட் போட்டு அளக்கணும். லைட்டை அணைச்சிட்டு அளந்தா கரண்ட் ஓடாது, வோல்ட்டேஜ் எங்க குறையுதுன்னு தெரியாது. பேட்டரியில 13.9 வோல்ட். டிம்மருக்குள்ள போறது 13.6, ஃபுல்லா திருப்பி வெச்சும் வெளிய வர்றது 11.9. போர்டோட எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 1.2 வோல்ட்; அங்க 0.2-க்கு மேல இருந்தாலே எர்த் சரியில்லன்னு அர்த்தம். ஆக பல்புக்குக் கிடைக்கிறது 10.7 தான். இழை பல்புல வோல்ட்டேஜ் கால்வாசி குறைஞ்சா வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும். போர்டுல ஒரு குத்தமும் இல்ல.

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து. டாஷ்போர்டுக்கு அடியில பாடியில இறுக்கின எர்த் போல்ட்டுல பச்சையா, வெள்ளையா பூத்துப் போயிருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவுங்க. டிம்மர்ல கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பத்து இருபது தடவை திருப்புங்க. கண்ணாடி கறுத்த பல்பை அதே வாட்ல மாத்துங்க. இதுக்கெல்லாம் 400 ரூபாய் தாண்டாது. 6,800 எங்க, இது எங்க!

கடைக்குப் போறவங்க கவனிங்க. வண்டியை விடுறதுக்கு முன்னாடி போர்டை முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க. பில்லுல பார்ட் பேர் எழுதச் சொல்லுங்க. எல்இடி போட்டுக்கலாம்னு சொன்னா பிளஸ் மைனஸ் பாத்து மாட்டச் சொல்லுங்க, பழைய டிம்மர்ல அது ஒழுங்கா குறையாது. ஸ்பீடாமீட்டர் கேபிள் லாக்கை அமுக்காம போர்டை இழுத்தா உடையும், பக்கத்துலயே நில்லுங்க.